எட்டாவது குழாய்

பதிவு 1
நிலைய நாள் 388, 07:10

இடைத்தளம் மூன்று, நிலவின் சுற்றுப்பாதை. எழுதுபவர் டெல்பின், மரபணு ஆலோசகர். தளத்தில் இருப்பது ஒரே ஆள்.

காற்றுச் சுத்திகரிப்பு சரி. குளிரறை மைனஸ் எண்பது டிகிரி. தெற்குச் சூரியத்தகடு இன்றும் பாதியில் நின்றது. மூன்று முறை அணைத்து இயக்கிய பிறகு திரும்பியது.

தளத்தை மூடப்போகிறார்கள். மற்றவர்கள் போன மாதமே பூமிக்கு இறங்கிவிட்டார்கள். கடைசி ஆலோசனைகளை முடித்து, குளிரறையிலுள்ள பழைய ரத்த மாதிரிகளை எரித்துவிட்டு நானும் கிளம்ப வேண்டும்.

இதைக் கண்டெடுப்பவருக்கு என் வேலை என்னவென்று தெரியாமல் இருக்கலாம். சில குடும்பங்களில் புற்றுநோய் தலைமுறை விட்டுத் தலைமுறை இறங்கும். உடலின் செல்களுக்குக் காவல் நிற்கும் மரபணு ஒன்று உண்டு. அது பிழையோடு பிறந்தவர்களுக்குக் கதிர்வீச்சு நஞ்சு. பூமியில் ஒழுங்காகப் பரிசோதித்துக்கொண்டே இருந்தால் பல வருடம் வாழலாம். நிலவுச் சுரங்கத்துக்கு வந்தால் முடிந்தது. பிழை இருக்கிறதா என்று சோதிப்பது கருவி. அதை அந்த மனிதர் தாங்கும்படி சொல்வது நான்.

இன்றைய ஆலோசனை ஒன்று. சுரங்கத்தில் வண்டி ஓட்டும் பெண், வயது 26, தாய் மார்புப் புற்றில் இறந்தவர்.

பெறப்பட்டது: "அக்கா, இருக்குன்னு வந்துட்டா நான் என்ன செய்ய? ராத்திரி முழுக்க அதத்தான் யோசிக்கேன்."

அனுப்பியது: "இன்னைக்கே தெரிஞ்சாகணும்னு ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்சா என்னவெல்லாம் செய்யலாம்னு மொதல்ல பேசுவோம். பெறவு நீயே முடிவு பண்ணு."

நாற்பது நிமிடம் பேசினோம். சோதனை வேண்டும் என்றாள். மாதிரி அடுத்த சரக்குக்கலத்தில் வரும்.


பதிவு 2
நிலைய நாள் 390, 15:40

மாதிரிகளை எரிக்கும் வேலையைத் தொடங்கினேன். நிறுத்திவிட்டேன்.

சில வருடம் முன்புவரை சுரங்கத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் இந்தத் தளத்தில்தான் முதலில் ரத்தம் கொடுத்தார்கள்; இப்போது கேட்பவர்களுக்கு மட்டும்தான் சோதனை. எங்கள் ஆய்வறையில் ஒரு பழக்கம் உண்டு. பிழை இல்லாத மாதிரிக்கு வெள்ளை மூடி. பிழை தெரிந்தால் அன்றைக்கே சிவப்பு மூடி. அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடித்தட்டில், பனி மூடிய ஒரு தட்டில், ஏழு சிவப்பு மூடிகள். ஏழு பேரையும் திருப்பி அனுப்பவில்லை. ஏழு பேரும் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். ஏழு பேரும் செத்தார்கள். சுரங்கத்தூசி நுரையீரலில் இறங்கியதால் மரணம் என்று நிறுவனம் ஆறு பேருடைய குடும்பங்களுக்குச் சொன்னது.

நான்காவது குழாயில் கித்தேரி என்று ஒட்டியிருந்தது. மணப்பாடு, வயது 23.

என் தங்கை.

பாறை துளைக்கும் வேலைக்கு வந்தவள். மூன்று வருடத்தில் தொடை எலும்பில் கட்டியோடு பூமிக்கு இறங்கினாள். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சோதித்தபோதுதான் பிழை தெரிந்தது. நிறுவனத்திடம் கேட்டேன். எங்கள் சோதனையில் அன்று எதுவும் தெரியவில்லை, அந்தக் காலத்துக் கருவி அப்படி என்றார்கள். நம்பினேன். அவள் போன பிறகுதான் இந்தப் படிப்பைப் படித்தேன்.

தெரிந்திருக்கிறது. தெரிந்து, மூடி மாட்டி, உறையவைத்துவிட்டு, 'தகுதி' என்று சான்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சான்றில் கையெழுத்து டாக்டர் நிரஞ்சனுடையது. அப்போது இந்தத் தளத்தின் மருத்துவர். இப்போது நிறுவனத்தின் தலைமை மருத்துவர். மாதிரிகளை எரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டவரும் அவர்தான்.

ஏழையும் மறுபடி கருவியில் ஓட்டினேன். சந்தேகமே இல்லை. ஏழிலும் பிழை.

எரிக்கவில்லை.


பதிவு 3
நிலைய நாள் 392, 09:05

சரக்குக்கலம் வந்தது. சுரங்கத்துப் பெண்ணின் மாதிரியோடு, பூமிப் பக்கத்திலிருந்து சேர்த்து அனுப்பப்பட்ட, பெயர் ஒட்டாத இன்னொரு குழாய். ஒரு மணி நேரத்தில் குரல் வந்தது.

டாக்டர் நிரஞ்சன் இப்போது 'பெருநடை' கப்பலில் இருக்கிறார். செவ்வாய்க் குடியிருப்புக்கு முதல் தலைமை மருத்துவராகப் போகிறார். பூமிச் சுற்றுப்பாதையில் தனிமைப்படுத்தல் காலம். உள்ளே யாரும் போக முடியாது, வெளியே யாரும் வர முடியாது. பத்து நாளில் கப்பல் கிளம்பும். ஒன்பது வருடத்துக்குத் திரும்பாது.

பெறப்பட்டது: "டெல்பின், இது எந்தப் பதிவுலயும் ஏற வேண்டாம். எங்க அம்மா முப்பத்தாறு வயசுல கேன்சர்ல போனாங்க. அப்ப எதனாலன்னு தெரியல. போன வாரம் என் தங்கச்சிக்கு டெஸ்ட் பண்ணியிருக்காங்க, அந்தப் பிழை இருக்கு. எனக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூமியில பார்த்தா பொதுப் பதிவுக்குப் போயிடும், என்னை இறக்கிடுவாங்க. நீங்க மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இருந்தா நானே ஏதாவது காரணம் சொல்லி இறங்கிக்கிறேன்."

கதிர்வீச்சு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அனுப்பியது: "பாக்கேன் சார். ரிசல்ட் சொல்லுறதுக்கு முன்னாடி குடும்ப வரைபடம் போடணும். அதான் முறை. ஒங்களுக்குத் தெரியாததா?"

போட்டோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. அம்மாவின் வட்டத்துக்கு நான் கோடு போட்டபோது அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு டெல்பின் என்றுதான் பெயர்.


பதிவு 4
நிலைய நாள் 393, 11:20

எட்டாவது குழாயின் முடிவு வந்துவிட்டது.

நிரஞ்சனுக்குப் பிழை இல்லை. அம்மாவிடமிருந்து நல்ல பிரதிதான் இறங்கியிருக்கிறது. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். பிறகு மூன்றாவது முறை, வேறு முடிவு வராதா என்ற ஆசையில். வெள்ளை மூடி மாட்டினேன்.

(சுரங்கத்துப் பெண்ணுக்கும் இல்லை. சொன்னேன். அழுதாள். நிம்மதியில்தான்.)

இல்லை என்ற சொல் எப்போதும் நிம்மதி தராது. கித்தேரி படுத்திருந்தபோது எனக்கும் சோதித்தார்கள். எனக்கு இல்லை. டாக்டர் சிரித்த முகத்தோடு சொன்னார். வார்டுக்குள் போனேன். கித்தேரி நிமிர்ந்து பார்த்தாள். தலையை ஆட்டினேன். அப்பாடா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அன்று விலக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இன்றும் அந்தக் கையால் எதையும் நிம்மதியாகத் தொட முடிவதில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் நிரஞ்சன் செவ்வாய்க்குப் போய்விடுவார். மாலையோடு.

அந்த ஏழு பேருக்கும் உடன்பிறப்புகள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் உடம்பில் அதே பிழையோடு, தூசியால் செத்தார் என்று நம்பிக்கொண்டு நடமாடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதுதான் என் தொழிலின் முதல் கடமை. நானே சொல்லலாம்.

நான் சொல்லப்போவதில்லை.

அனுப்பியது: "சார், ஒங்க ரிசல்ட் கைல இருக்கு. அதுக்கு முன்ன ஏழு குடும்பத்துக்கு நீங்க ஒரு விஷயம் சொல்லணும். பேரு அனுப்பியிருக்கேன். அவங்க வீட்டுல இந்தப் பிழை ஓடுது, புள்ளைங்களுக்குச் சோதிக்கணும்னு. நீங்களே, ஒங்க வாயால. சிவப்பு மூடி ஏழும் எரியல சார். எங்கிட்டதான் இருக்கு."

பெறப்பட்டது: "மிரட்டுறீங்களா?"

அனுப்பியது: "இல்ல சார். ஆலோசன சொல்லுதேன்."


பதிவு 5
நிலைய நாள் 395, 06:30

என்னை ஏற்றிப்போக வேண்டிய கலம் தள்ளிவைக்கப்பட்டது. மருத்துவத் தகுதிச் சான்று வரவில்லையாம். சான்று தர வேண்டியவர் யார் என்று எழுத வேண்டியதில்லை. சுரங்கத்துக் கலங்களும் அந்தச் சான்று இல்லாமல் என்னை ஏற்றாது.

08:15. தெற்குத் தகடு நின்றுவிட்டது. இனி திரும்பாது. வடக்குத் தகடு ஒன்றில்தான் மொத்தத் தளமும். அறைச்சூட்டைக் குறைத்தேன். இரண்டு கம்பளி.

குளிரறையையும் அணைத்தேன். ஏழு குழாய்களையும் நிழல்பக்கத்து வெளிப்பெட்டியில் வைத்துவிட்டேன். அங்கே குளிருக்கு மின்சாரம் வேண்டாம். கண்டெடுப்பவர் கவனிக்க: வெளிப்பெட்டி, இடது கதவு.

பெறப்பட்டது: "டெல்பின், உங்க சான்று என் மேசையிலதான் இருக்கு. ரிசல்ட்டைச் சொல்லிட்டு, அந்த டியூப்களை எரிச்சுடுங்க. ரெண்டு பேரும் நல்லபடியா வீடு போய்ச் சேருவோம்."

அனுப்பியது: "கப்பல் கெளம்ப இன்னும் ஏழு நாள் சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."


பதிவு 6
நிலைய நாள் 397, 18:50

இன்று பணிந்தார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றார். கழுத்தில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்படுகிறதாம். நான் பதில் சொல்லவில்லை. பயந்தவன் கைக்கு உடம்பெல்லாம் கட்டி.

கப்பலின் தொடர்பில் பேசினால் பதிவாகும். அதனால் என் அலைவாங்கி வழியாகப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று சொல்லித்தான் இணைப்பைக் கொடுத்தேன்.

முதல் குடும்பம், காயல்பட்டினம். செய்யது மீரானின் மனைவி ருக்கையா. இரண்டு பிள்ளைகள்.

நிரஞ்சன்: "அம்மா, நான் நிறுவனத்தின் தலைமை டாக்டர் பேசறேன். புதுசா ஒரு ஆய்வு செஞ்சதுல, உங்க கணவர் குடும்பத்துல ஒரு மரபணுப் பிழை இருக்கலாம்னு தெரிய வந்திருக்கு. பிள்ளைங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சுடுங்க."

ருக்கையா: "எம் புள்ளைக்கா? சின்னவனுக்கு ஒம்போது வயசுதான் சார் ஆவுது… அவனுக்கும் அவுக வாப்பா மாதிரி வருமா?"

நிரஞ்சன்: "முன்கூட்டியே தெரிஞ்சா பயமில்லம்மா. பார்த்துக்கலாம்."

ருக்கையா: "அவ்வளவு தூரத்துல இருந்து எங்கள நெனச்சுக் கூப்பிட்டீங்களே. ஒங்க நல்ல மனசுக்கு நீங்க நல்லா இருக்கணும் சார்."

நிரஞ்சன்: "பரவால்லம்மா. எங்க கடமை."

கடமை என்றார். அந்தப் பெண்ணின் நன்றியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பளிக்குள் எனக்குப் பல் நறநறத்தது. குளிரால் இல்லை.

அனுப்பியது: "இது கணக்குல சேராது சார். எப்ப தெரியும்ங்கறதையும் சொல்லணும். அடுத்த வீட்டுலேர்ந்து."


பதிவு 7
நிலைய நாள் 398, 10:15

அறையில் நான்கு டிகிரி. மூச்சு புகையாக வருகிறது. சுத்திகரிப்பு விசிறி பாதி வேகம்.

இரண்டாவது குடும்பம், நாங்குநேரி. இறந்தவர் பேச்சிமுத்து. பேசியவர் அவருடைய அண்ணன் இசக்கிபாண்டி, லாரி ஓட்டுபவர். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். பின்னால் மற்ற வண்டிகளின் ஹாரன் கேட்டது.

நிரஞ்சன் தொடங்கினார். புது ஆய்வு, மரபணு, பரிசோதனை. இசக்கிபாண்டி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரே கேள்வி.

இசக்கிபாண்டி: "சார், எந்தம்பிக்கு இது இருந்துச்சுன்னு ஒங்களுக்கு எப்பம் தெரியும்?"

நிரஞ்சன்: "அது… பழைய மாதிரிகளை வச்சுப் பார்க்கும்போது…"

இசக்கிபாண்டி: "அதில்ல சார். அவன் சாவுறதுக்கு முன்னயா, பொறவா?"

நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நிரஞ்சன் மூச்சுவிடுவது கேட்டது.

நிரஞ்சன்: "முன்னாடி."

இசக்கிபாண்டி: "எவ்வளவு முன்னாடி?"

நிரஞ்சன்: "அவர் சுரங்கத்துக்கு இறங்கறதுக்கு முன்னாடி. அப்ப ஆள் இல்ல. பத்துப் பேரு வந்தா ரெண்டு பேரு திரும்பிப் போயிட்டிருந்தாங்க. மேலிடத்துல…"

இசக்கிபாண்டி: "தெரிஞ்சேவா அனுப்புன?"

நிரஞ்சன் ஏதோ சொல்ல வந்தார்.

இசக்கிபாண்டி: "ஏல, ஒந்தம்பியா இருந்தா அனுப்பியிருப்பியால? அவன் கடைசில தண்ணி முழுங்க முடியாம கெடந்தான். தூசின்னு சொன்னீய. எங்கம்மா தெனமும் சாம்பிராணி போட்டு வீட்டுத் தூசியக் கூட்டிக்கிட்டுக் கெடக்கா. தெரிஞ்சே அனுப்பியிருக்கியேல!"

சார் போய் ஏல வந்தது. இத்தனை வருடமாக அந்த மனிதர் முகத்துக்கு நேராக யாரும் சொல்லாத சொல். நான் இருட்டறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். வாய்விட்டுச் சிரித்தேன்.


பதிவு 8
நிலைய நாள் 400, 13:00

இசக்கிபாண்டி சும்மா இருக்கவில்லை. லாரியைத் திருப்பிக்கொண்டு நேரே நிறுவனத்தின் வாசலுக்குப் போயிருக்கிறார். விஷயம் பரவி, காயல்பட்டினத்திலிருந்து ருக்கையாவும் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். செய்தியாகிவிட்டது. இன்னும் நான்கு குடும்பங்களுக்கு நிரஞ்சனே கூப்பிட்டு, கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட்டார். குரலில் சத்தே இல்லை.

கப்பலிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். இப்போது சுற்றுப்பாதையிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் ஓர் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்; பேசும் கருவியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். விசாரணைக்குக் கீழே கொண்டுபோவார்கள். பதவி போவதற்குச் சற்று முன்னால் என் சான்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கலம் கிளம்பிவிட்டது. வந்து சேர மூன்று நாள்.

வடக்குத் தகடு மட்டும் போதவில்லை. மின்கலத்தில் மிச்சம் 31 சதவீதம். மூன்று நாளுக்கு இழுத்துப் பிடித்தால் வரும். அனுப்பும் கருவியைத் தொடாமல் இருந்தால்.

என் திட்டத்தை எழுதிவிடுகிறேன். பட்டியலின் கடைசியில் நான் வைத்த ஏழாவது குடும்பத்தோடு அவர் பேசி முடித்ததும் முடிவைச் சொல்வேன். உங்களுக்கு ஒன்றுமே இல்லை சார், பயப்படாமல் இருந்திருந்தால் இந்நேரம் செவ்வாய்க் கப்பலில்தான் இருந்திருப்பீர்கள், இல்லாத நோய்க்காக உங்கள் வீட்டுக்கு நீங்களே தீ வைத்துக்கொண்டீர்கள் என்று. இந்த வாக்கியத்தை ஏழு நாளாக வாயில் வைத்துக் குதப்பிக்கொண்டிருக்கிறேன்.

17:40. பெறப்பட்டது: "ஏழாவது நம்பர் போக மாட்டேங்குது டெல்பின். கித்தேரி குடும்பம். மணப்பாடு."

அனுப்பியது: "போகாது சார். அந்த வீட்டுல மிச்சம் ஒருத்திதான். அவ இங்க இருக்கா. சொல்லுங்க, கேக்கேன்."


பதிவு 9
நிலைய நாள் 401, நேரம் பார்க்கவில்லை

மைனஸ் ஒன்று. தண்ணீர்ப்பை ஓரம் உறைந்துவிட்டது. கையுறையோடு எழுதுவதால் பிழை இருக்கும்.

அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க அவங்க அக்காவா… எனக்கு அந்தப் பொண்ண ஞாபகம் இருக்கு. மத்தவங்க முகம் மறந்துபோச்சு, அவள மறக்கல. ரத்தம் எடுத்ததும் எழுந்து போகாம உட்கார்ந்திருந்தா. எனக்கு ஒண்ணுமில்லல்ல சார்னு கேட்டா. ரிசல்ட் என் கையில இருந்தது. ஒண்ணுமில்லம்மா, தைரியமா போயிட்டு வான்னு சொன்னேன். தேங்ஸ் சார்னு சிரிச்சுட்டுப் போனா.

"டெல்பின், இப்ப ஒண்ணு கேட்கறேன். என் ரிசல்ட்ட என்கிட்ட சொல்லாதீங்க. எனக்கு வேண்டாம். எனக்கு இருக்குன்னு எனக்கே தெரியும். இருக்கணும். அந்த ஏழு பேரோட எட்டாவதா நானும் போயிடறேன். அதுதான் நியாயம். இப்பதான் மனசு கொஞ்சம் அடங்கியிருக்கு. நேத்து தூங்கினேன்."

தூங்கினாராம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மற்றதையெல்லாம் மீறலாம், இதை மீறக் கூடாது. வேண்டாம் என்பவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. தெரியாமல் இருப்பதும் அவருடைய உரிமை. நானே எத்தனையோ பேருக்கு அந்த உரிமைக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் எட்டாவது ஆளாம். கித்தேரியின் பக்கத்தில் இடம் பிடிக்கிறார். அவள் பட்டதை இவரும் படப்போவதாக நினைத்துக்கொண்டு, அதைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். செத்தவர்களின் நோயைத் திருடிப் போர்த்திக்கொள்கிறார்.

தண்டனை தனக்குள்ளேயே இருக்கிறது என்று நம்புகிறவனுக்கு வெளியே எந்தத் தண்டனையும் உறைக்காது.

மின்கலம் 19. கலம் வர ஒன்றரை நாள். அனுப்பும் கருவி குளிர்ந்து கிடக்கிறது, சூடேற்றவே ஆறு போகும். அனுப்ப இரண்டு. மீதி பதினொன்று. விசிறிக்குப் பதினாறாவது வேண்டும். திருப்பித் திருப்பிப் போட்டேன். கணக்கு உதைக்கிறது.


பதிவு 10
401, பிறகு

சூடேற்றினேன்.

அனுப்பியது: "டாக்டர் நிரஞ்சன். ஒங்களுக்கு இல்ல. மூணு தடவ பாத்துட்டேன். ஒரு பிழையும் இல்ல. ஒங்க அம்மாகிட்ட இருந்து ஒங்களுக்கு நல்லதுதான் வந்திருக்கு. கழுத்துல இருக்கறது வெறும் பயம். நீங்க அவங்கள்ல ஒருத்தர் இல்ல. நீங்க கெழவனாவீங்க. எனக்கும் இல்ல சார். இல்லாம உயிரோட இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியும். அதான் சொல்லுதேன்."

உடனே வந்தது.

பெறப்பட்டது: "பொய். பொய் சொல்றீங்க. டெல்பின், வேண்டாம்னு சொன்னேனே… பொய்தானே? பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க."

அனுப்பும் கருவியை அணைத்தேன். மின்கலம் 10. நினைத்ததைவிட ஒன்று கூடப் போய்விட்டது.


பதிவு 11
402

விசிறி கால் வேகம். தலைவலி. கரியமில வாயு ஏறுகிறது, அளவு பார்க்க எழுந்திருக்க வேண்டும், எழவில்லை.

வருத்தம் இருக்கிறதா என்று கண்டெடுப்பவர் கேட்கலாம். தேடிப் பார்த்தேன். ருக்கையாவின் சின்னவனைப் பற்றிக் கவலை இருக்கிறது. யாராவது நிதானமாகப் பேசத் தெரிந்த ஆள் அவனுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி. அவசரப்படுத்தாமல்.

அவரைப் பற்றி இல்லை.

குழாய்கள் வெளிப்பெட்டி இடது கதவு. முன்னமே எழுதினேனா


402

கலம் தெரிகிறதா என்று ஜன்னலைத் துடைத்தேன் பனி உள்பக்கம்

மின்கலம் 3

கேட்கும் கருவி மட்டும் ஓடுகிறது. அதற்கு அதிகம் வேண்டாம். அழைப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. கலம் இல்லை, அவர்தான். மணிக்கணக்காகக் கூப்பிடுகிறார்

பொய் என்று ஒரு வார்த்தை போதுமாம்

எடுக்க மாட்டேன்